நடத்தும் உரிமை: சபரகமுவத் தோட்டங்களின் முகாமைப் பிணக்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பெருந்தோட்டங்கள் பற்றி வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு வினாக்களையே முதன்மைப்படுத்தியுள்ளன. நிலம் எவ்வாறு பறிக்கப்பட்டது என்பது ஒன்று. உழைப்பு எவ்வாறு கொண்டுவரப்பட்டது என்பது மற்றையது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்தையும் கங்காணி முறையையும் அறியாது தோட்டத்தை அறிதல் இயலாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் இவ்விரண்டு வினாக்களுக்கும் நடுவே மூன்றாவதொன்று உண்டு. நிலம் ஒருவர் பெயரில் இருக்க, உழைப்பை மற்றொருவர் வழங்க, அத்தோட்டத்தை நடத்தும் உரிமை யாரிடம் இருந்தது? அவ்வுரிமைக்காக யார் யாருடன் பிணங்கினர்? இவ்வினாவைக் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகம் என்றவுடன் நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளையே நினைக்கும் வழக்கம் நம் ஆய்வாளர்க்கும் எழுத்தாளர்க்கும் பொதுவானது. சபரகமுவ அந்த நினைவின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. இங்கு தேயிலையோடு இறப்பரும் உண்டு. பல பகுதிகளில் இறப்பரே முதன்மையானது. தோட்ட எல்லையைத் தாண்டினால் சிங்களக் கிராமம். லயங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடப்பவை. நடத்தும் உரிமை பற்றிய பிணக்கை இறப்பர் மரம் போல வெளிப்படையாகக் காட்டக்கூடிய பயிர் வேறில்லை என்பது நமது கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னர் காண்போம்.

உடைமையும் நடத்துகையும் பிரிந்து நிற்பது தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. எண்ணெய்க் கைத்தொழிலில் அது வெளிப்படையான ஏற்பாடு. ஒரு வயலில் பலர் பங்கு வைத்திருப்பர்; அவருள் ஒருவரே அதனை நடத்துபவர். செலவும் வருமானமும் பங்குப்படி பிரியும். எங்கே துளையிடுவது, எவ்வளவு வேகமாக எடுப்பது என்பவற்றில் நடத்துபவரின் கை ஓங்கியிருக்கும். இராஜஸ்தானின் பார்மர் எண்ணெய் வயலில் நடத்துநராக இருந்தது கெயர்ன் இந்தியா. 30 வீதப் பங்கே கொண்டிருந்த இந்திய அரசின் ஓ.என்.ஜி.சி. முழு அரசுரிமைத் தொகையையும் தனித்துச் சுமந்தது. இது பெரும் பிணக்காகி, அத்தொகையைக் கூட்டுச் செலவாக ஏற்பதற்கு 2011இல் கெயர்ன் இந்தியாவின் பங்குதாரர்கள் வாக்களிக்க நேர்ந்தது. இதே கெயர்ன்தான் 2008இல் மன்னார்க் கடலில் துளையிடும் உரிமை பெற்று, 2011இல் எரிவாயுவைக் கண்டறிந்து, 2015இல் வெளியேறியது. இன்னும் பின்னே சென்றால், பர்மா எண்ணெய்க் கம்பனிக்கு இரங்கூனில் முகாமை முகவராக இருந்த பின்லே பிளெமிங் நிறுவனத்தைக் காணலாம். எண்ணெயாயினும் இறப்பராயினும் தேயிலையாயினும், பிரித்தானிய மூலதனம் ஆசியாவில் கைக்கொண்ட கருவி ஒன்றே: முகவர் நிலையம்.

1876இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்துசேர்ந்த இறப்பர் நாற்றுகள் முப்பது ஆண்டுகள் வரை தாவரவியலாளரின் ஆர்வத்துக்கு உரியனவாகவே பெரும்பாலும் இருந்தன. மோட்டார் வண்டி அந்நிலையை மாற்றிற்று. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 சிலிங்குக்கு மேல் விற்றது. களுத்துறையோடு கேகாலை, இரத்தினபுரிக் காடுகளும் கிராமத்துச் சேனைகளும் இறப்பராயின. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இரும்புப்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. இலண்டனில் கம்பனிகள் புற்றீசல் போலப் புறப்பட்டன. இவற்றின் பங்குகளை வாங்கியோரிற் பெரும்பாலோர் தம் பணம் விளைந்த தோட்டத்தைக் கண்ணாற் கண்டவரல்லர்.

எனவே நடத்துவதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. கொழும்புக் கோட்டையில் இருந்த முகவர் நிலையங்கள் அப்பணியை ஏற்றன. ஜோர்ஜ் ஸ்டூவர்ட், விட்டால், கார்சன் கம்பர்பட்ச், மக்வூட்ஸ், பொஸ்டெட் முதலான பெயர்கள் ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தன. துரையை நியமிப்பதும் நீக்குவதும், மேற்பார்வைக்கு வருகைமுகவரை அனுப்புவதும், உரமும் கருவியும் அரிசியும் வாங்கி அனுப்புவதும், விளைச்சலைக் கப்பலேற்றுவதும், காப்புறுதி செய்வதும் அவர்களே. ஒவ்வொரு பணிக்கும் ஒரு தரகு. இதில் கூர்ந்து நோக்கவேண்டியது யாதெனில், முகவரின் வருவாய் தோட்டத்தின் இலாபத்தைக் காட்டிலும் அதன் புரள்வையே சார்ந்திருந்தது. தோட்டம் நட்டப்பட்ட ஆண்டிலும் உரம் வாங்கப்பட்டது; கப்பல் புறப்பட்டது; தரகும் வந்தது. எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட குறைவிருத்தியின் அரசியற் பொருளாதாரம் பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தோட்டத்தை ஒரு முதலாளித்துவ உற்பத்தி அலகாகக் கொள்வோர் தவறிழைக்கின்றனர். அதனை ஆட்டிப்படைத்தது வணிக மூலதனமே. உற்பத்தி நுட்பம் ஒரு நூற்றாண்டாக மாறாதிருந்தமைக்கும் அதுவே காரணம் என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்காவிடினும், முகவர் நிலையத்தை ஆய்வின் நடுவிடத்துக்குக் கொணர்ந்தமைக்காக அந்நூல் போற்றத்தக்கது.

இலண்டன் பங்குதாரருக்கும் கொழும்பு முகவருக்கும் நலன்கள் முரண்பட்டன என்பது இதிலிருந்து பெறப்படும். முகவரின் கட்டணம் மிகை என்றும், பங்கிலாபம் குறைவு என்றும் பங்குதாரர் குறைகூறுவது இயல்பே. ஆயினும் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கைகளின் மொழியை ஓர் இலக்கிய மாணவனின் கண்கொண்டு படிப்போர் ஒன்றைக் கவனிப்பர். விளைச்சல் இத்தனை இறாத்தல், இறாத்தலொன்றுக்கான செலவு இத்தனை பென்ஸ், பங்கிலாபம் இத்தனை வீதம் என்று விரையும் அவ்வுரைநடையில் தொழிலாளி ஒருபோதும் எழுவாயாக வருவதில்லை. செலவு என்ற சொல்லுக்குள் அவன் அடங்கிவிடுகிறான். பால் வெட்டும் பெண் விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, சிரட்டையில் வடிந்த பாலையும் பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையும் சுமந்துவந்து நிறுத்துக் கொடுத்த உழைப்பு, பென்சாகச் சுருங்கிவிடுகிறது. எதிரெதிராக வாதிட்ட இரு தரப்பாரும் இந்த இலக்கணத்தில் ஒன்றுபட்டிருந்தனர்.

இனி மரத்திடம் வருவோம். இறப்பர்க் கன்றை நட்டால் பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அதன்பின் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பயன் உண்டு. மறுநடுகை செய்பவர் அந்நிலத்திலிருந்து ஆறேழு ஆண்டு வருமானத்தை இழக்கத் துணிந்தவர். அந்த ஆண்டுகளின் பின்னரும் தாம் அங்கு இருப்போம் என நம்புபவர். ஆகவே ஓர் இறப்பர்த் தோட்டத்தில் இளமரம் எத்தனை, முதுமரம் எத்தனை என எண்ணினால், அதனை நடத்துபவர் தம் உரிமையின் ஆயுளை எவ்வளவாகக் கணித்திருந்தார் என்பதை அறிந்துவிடலாம். கணக்கேடு பொய் சொல்லலாம். மரத்தின் வயது பொய் சொல்வதில்லை.

சுதந்திரத்தின் பின் சபரகமுவ மரங்கள் சொன்னது இதுவே. 1952இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது; ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 2,70,000 தொன் அரிசி. விலை உயர்ந்திருந்த அக்காலத்தில் மறுநடுகைக்குரிய மூலதனம் தனியாரிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். வரவில்லை. 1953இல் அரசு மானியம் வழங்கி மறுநடுகையைத் தூண்ட நேர்ந்தது. தேசியமயம் வரும் என அஞ்சிய ஸ்ரேலிங் கம்பனிகள் வெட்டக்கூடியதை வெட்டி, பங்கிலாபத்தைப் பகிர்ந்து, நிலத்தை விற்கத் தொடங்கின. தோட்டங்கள் துண்டுதுண்டாகக் கைமாறின. 1958இல் தேயிலை, இறப்பர்த் தோட்டத் துண்டாடலைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை நாடாளுமன்றம் இயற்றவேண்டியிருந்தது என்பதே நிலைமையின் கடுமையை உணர்த்தும். துண்டு விற்கப்படும்போது அதில் இருந்த தொழிலாளி யாருக்கு உரியவன்? வாங்கியவர் வேண்டாம் என்றார், விற்றவர் போய்விட்டார்.

இவ்வினாவுக்கு ஓர் அரசே அளித்த விடையை 1946இல் கேகாலை மாவட்டம் கண்டிருந்தது. நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென அரசாங்கம் சுவீகரித்தது. அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனாநாயக்க. நிலத்தோடு தொழிலாளரையும் ஏற்க அரசு விரும்பவில்லை. வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் மறுத்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது; போராட்டம் அத்தோட்டத்தின் எல்லைக்குள் அடங்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் முன்னோட்டம் என இந்நிகழ்ச்சியைக் கொள்வாருண்டு. அது சரியே. எனினும் இதில் வேறொன்றும் உண்டு. சூழவிருந்த கிராமத்தவரின் காணிப்பசி பொய்யன்று; அவர்களது சேனைகளும் மேய்ச்சல் நிலங்களுமே முன்னர் தோட்டங்களாயின. காணியற்ற இரு உழைக்கும் கூட்டத்தாரை ஒரே நிலத்துண்டின் இரு எல்லைகளில் எதிரெதிராக நிறுத்தியது, அந்நிலத்தை நடத்தியோரும் அவர்தம் நலன் பேணிய அரசுமே.

1972க்கு முன்னர் நிகழ்ந்த எண்ணெய்க் கதை ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் விநியோக வசதிகள் அரசுடைமையாயின. நட்டஈட்டுப் பிணக்கைக் காரணங்காட்டி 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. பெற்றோல் நிலையங்களைத் தொட்டதற்கே இவ்வளவு எனில், தோட்டங்களைத் தொட்டால் என்னாகும் என்ற அச்சம் ஆட்சியாளரை விட்டு அகன்றிராது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் பின் 1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் எல்லை வகுத்து, ஏறக்குறைய 5½ இலட்சம் ஏக்கரைச் சுவீகரித்தது. பொதுக் கம்பனிகளின் தோட்டங்களை மட்டும் தொடாது விட்டது.

கம்பனித் தோட்டங்களையும் எடுப்பதென்ற தீர்மானம் நெருங்கியபோது ஐக்கிய முன்னணி அரசுக்குள்ளேயே ஒரு பிணக்கு மூண்டது. சுவீகரிக்கப்படும் தோட்டங்கள் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவிடம் வருவதா, விவசாய, காணி அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவவிடம் செல்வதா? 1975 செப்டெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று. அடுத்த மாதம் நிறைவேறிய திருத்தச் சட்டம் 4 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. சிலகாலம் அதே முகவர் நிலையங்களே அரசுக்காகத் தோட்டங்களை நடத்தின. 1976இல் அவை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் ஜனவசமவுக்கும் பகிரப்பட்டன.

இடதுசாரி இயக்கத்தின் மீதுள்ள மதிப்புடனேயே நாம் இதனைக் கூறவேண்டியுள்ளது. கேகாலை மாவட்டம் அவ்வியக்கத்தின் தொட்டில்களுள் ஒன்று. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் சூரியமல் இயக்கத்தார் ஊர் ஊராக மருந்தும் பருப்பும் சுமந்து திரிந்தது இங்கேதான், 1936இல் என். எம். பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானது ருவான்வெல்லையிலிருந்துதான். லங்கா தோட்டத் தொழிலாளர் சங்கம் இப்பகுதிகளில் வேரூன்றியிருந்தது. அத்தகைய வரலாறு கொண்ட கட்சி, தோட்டத்தை எந்த அமைச்சு நடத்துவது என்ற பிணக்கில் தன் வலுவைச் செலவிட்டது. தோட்டத்தை நடத்துவதில் தொழிலாளரின் இடம் யாது என்பது அப்பிணக்கின் பொருளாக அமையவில்லை. சொத்துடைமையின் வடிவம் மாறினாலே உற்பத்தி உறவு மாறிவிடும் என்ற எளிய நம்பிக்கையின் விலை இது.

விலையைச் செலுத்தியோர் லயங்களில் இருந்தோர். நாடற்றவர் என்பதால் காணிச் சீர்திருத்தத்தில் ஓர் அங்குலமும் அவர்க்கு இல்லை. சுவீகரிக்கப்பட்ட சிறு தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றன. உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1973–74இல் பட்டினியும் சேர்ந்துகொண்டது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் இரத்தினபுரி மாவட்ட லயங்கள் வன்முறையைக் கண்டன. தோட்டக் காணியைப் பறிக்கும் முயற்சியையும் அதற்கெதிரான தொழிலாளர் எழுச்சியையும் தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ 1979இல் நாவலாக்கிற்று. சபரகமுவ இறப்பர்த் தோட்டங்களுக்கு அத்தகைய பெருநாவல் ஒன்று வாய்க்கவில்லை என்பது நம் இலக்கியப் பரப்பின் ஒரு வெற்றிடம்.

அரச கூட்டுத்தாபனங்கள் பெருநட்டத்தில் ஆழ்ந்தபின், உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் தூண்டுதலோடு 1992இல் 400க்கு மேற்பட்ட தோட்டங்கள் 22 பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. நிலமும் கம்பனியும் அரசுக்கு. நடத்துகை மட்டும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியார் முகாமை முகவருக்கு. முகாமை முகவர் முறையை இந்தியா 1970 ஏப்ரலில் சட்டத்தால் ஒழித்திருந்தது. பங்குதாரரை ஏய்க்கும் ஏற்பாடென அங்கு பழிக்கப்பட்டு ஒழிந்த ஒன்றை, இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் சீர்திருத்தம் என்ற பெயரில் நாம் மீள அழைத்தோம். ஐந்தாண்டு ஒப்பந்தக்காரர், ஆறேழு ஆண்டுகளின் பின் பால் தரும் மரத்தை எதற்காக நடுவார்? மரத்தின் காலத்துக்கும் உரிமையின் காலத்துக்கும் இடையிலான முரண் இவ்வளவு அப்பட்டமாக முன்னெப்போதும் வெளிப்பட்டதில்லை.

இதனை உணர்ந்த அரசு 1995 தொடக்கம் கம்பனிகளின் 51 வீதப் பங்குகளை விற்கத் தொடங்கிற்று. குத்தகை 1992இலிருந்து 53 ஆண்டுகளாக நீண்டது. களனிப் பள்ளத்தாக்குப் பெருந்தோட்டக் கம்பனி ஹேலீஸ் குழுமத்திடமும், கேகாலைக் கம்பனி ரிச்சட் பீரிஸ் குழுமத்திடமும், பலாங்கொடைக் கம்பனி டிஸ்டிலரீஸ் குழுமத்திடமும் சென்றன. கஹவத்தைக் கம்பனி போர்ப்ஸ் கைக்குப் போய்ப் பின்னர் தேயிலை ஏற்றுமதியாளரான டில்மா குழுமத்திடம் சேர்ந்தது. ஹேலீஸ் குழுமம் இறப்பர்க் கையுறை செய்கிறது. ரிச்சட் பீரிஸ் குழுமம் இறப்பர்ப் பொருட்கள் செய்கிறது. நடத்துபவரே மூலப்பொருளை வேண்டுபவராகவும் முகாமைக் கட்டணம் பெறுபவராகவும் நிற்கும் இவ்வமைப்பில், பழைய முகவர் நிலையத்தின் முகச்சாயல் தெரிவது தற்செயலன்று. சிறு பங்குதாரரின் நலன் பங்கிலாபத்தில். குழுமத்தின் நலனோ பல வாயில்களில்.

அரசு தன் கையில் ஒரேயொரு தங்கப் பங்கை வைத்துக்கொண்டது. திறைசேரிச் செயலாளரின் பெயரிலுள்ள அப்பங்கின் சம்மதமின்றிக் காணியை உபகுத்தகைக்கு விடுதல் இயலாது. கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமையும் பணிப்பாளர்களைச் சந்திக்கக் கோரும் உரிமையும் அதற்குண்டு. ஒரே பங்கு, இத்தனை வலிமை. மறுபுறம் 10 வீதப் பங்குகள் ஊழியர்க்கு இலவசமாகப் பகிரப்பட்டன. பால் வெட்டுபவரும் கொழுந்து கொய்பவரும் வரலாற்றில் முதன்முறையாகப் பங்குதாரராயினர். அப்பத்து வீதம் ஆயிரக்கணக்கானோரிடையே தனித்தனிச் சிறு துண்டுகளாகச் சிதறிற்று. ஒருங்கே வாக்களிக்கும் நிதியமாகவோ, பணிப்பாளர் சபையில் ஓர் இடமாகவோ அது உருவம் பெறவில்லை. தொழிற்சங்கங்களும் சம்பளக் கோரிக்கையைப் போல இதனைக் கையிலெடுக்கவில்லை. பத்து வீதம் ஒரே கையில் இருந்திருப்பின் பொதுக்கூட்டத்தில் எழுந்து, முகாமைக் கட்டணம் ஏன் இவ்வளவு, மறுநடுகை ஏன் இவ்வளவு குறைவு எனக் கேட்டிருக்கலாம்.

2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024இல் 1,700 ரூபா அறிவிக்கப்பட்டபோதும் அவ்வாறே. சம்பளம் தர இயலாத கம்பனிகளின் குத்தகையை இரத்துச் செய்வோம் என்ற பேச்சு அவ்வாண்டு அரசுத் தரப்பில் எழுந்தது. மீண்டும் நடத்தும் உரிமையே பேரப் பொருள். மீண்டும் அரசும் கம்பனியுமே பேசுவோர். தொழிலாளி அங்கு கூலி கேட்பவராகத் தோன்றினாரேயன்றிப் பங்குதாரர் என்ற பெயரால் எவரும் அவரை அழைக்கவில்லை.

குத்தகைகள் 2045இல் முடிவுறும். 2025இல் நட்ட இறப்பர்க் கன்று 2031 அளவில் பால் தரத் தொடங்கும். அதன் பயன்தரு காலத்தில் ஏறக்குறையப் பாதி எஞ்சியிருக்கவே உரிமை தீர்ந்துவிடும். எனவே மறுநடுகையைத் தள்ளிப்போடும் தூண்டுதல் ஆண்டுக்காண்டு வலுக்கும்; கம்பனிகள் குத்தகை நீடிப்புக் கோருவதும் அதற்கேற்ப வலுக்கும். அந்நீடிப்பு பேசப்படும் மேசையில் எவர் அமர்வர் என்பது இன்னும் முடிவாகாத வினா. லயத்துக்கு அப்பால் ஏழு பேர்ச்சில் ஒரு வீடு கட்டுவதற்கும் கம்பனி அக்காணித்துண்டை விடுவித்தல் வேண்டும். யட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் நான்காம், ஐந்தாம் தலைமுறையாக வாழும் குடும்பங்கள் அவ்விடுவிப்புக் கடிதத்துக்குக் காத்திருக்கின்றன. அக்குடும்பங்கள் சிலவற்றின் தகரப் பெட்டியில் 1990களில் கிடைத்த பங்குச் சான்றிதழும் இருக்கக்கூடும்.